எல்லா அறைகளுக்கும் ஒரே அலமாரி

முப்பத்துச் சொச்சம் வயதில் ஒருத்தி தன்னைப் பணி ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். மென்பொருள் தொழிலுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. போன வாரம், என்னோடு வேலை பார்த்த ஈஸ்வரன் ஒரு படம் அனுப்பியிருந்தான். புதிதாக வந்திருக்கும் ஒரு மென்பொருளின் படம். ஒரே மேசைக் கணினிக்குள் இருக்கும், லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பல சூழல்களை ஒரே ஜன்னலில் வரிசையாகக் காட்டுகிறது. திறக்க ஒரு பொத்தான், நகலெடுக்க ஒன்று, அழிக்க ஒன்று. “நீங்க அன்னிக்கு மல்லுக்கட்டிச் செஞ்சதை இப்ப சும்மாவே குடுக்குறாகக்கா. புதுசா வந்திருக்க பசங்களுக்காக எழுதுங்க, எப்படிச் செஞ்சீகன்னு” என்று கீழே எழுதியிருந்தான்.

எப்படிச் செய்தேன் என்பது சின்ன விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேவதானப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் கணினிப் படிப்பை முடித்தேன். மதுரையில் கொஞ்ச காலம் சம்பளமில்லாத பயிற்சி. பிறகு தேனி அல்லிநகரத்தில், பேட்டரிக் கடை மாடியில் இருந்த ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். சேரும்போதே பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றின் அசலையும் வாங்கி முதலாளி பீரோவில் வைத்துப் பூட்டினார். “எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்மா” என்றார். எங்கள் பக்கத்துச் சிறிய கம்பெனிகளில் இது வழக்கம். யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இருந்தார்கள். ஏலக்காய் வியாபாரி, ஜவுளிக்கடை, அரிசி ஆலை, இரண்டு பள்ளிக்கூடங்கள், கம்பம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலத்தில் மென்பொருள் செய்து கொடுத்திருந்ததால், ஒவ்வொன்றும் வேறு வேறு லினக்ஸில்தான் ஓடும். ஏலக்காய்க்காரருடையதைப் புதியதில் போட்டால் திறக்கவே திறக்காது. மருத்துவமனையினுடையது பழையதில் நிற்காது. யாருக்குப் பழுது வந்தாலும் அவர்களுடைய சூழலை எங்கள் கணினியில் உண்டாக்கித்தான் சரிபார்க்க முடியும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரே கணினியில் இரண்டு மூன்று லினக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும். வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்புறம் கணினிக்குள் கணினி வைக்கும் முறைக்கு மாறினோம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பொய்க் கணினி. அவை முழுக்க முழுக்கத் தனித்தனி என்பது நல்ல விஷயம். இரண்டைச் சேர்த்து ஓட்டினாலே மெசின் மூச்சு வாங்கும் என்பதுதான் தொல்லை. அதன் மின்விசிறிச் சத்தம் கீழே பேட்டரிக் கடைக்குக் கேட்கும் என்று ஈஸ்வரன் சொல்வான்.

நான் கொண்டுவந்தது மூன்றாவது முறை. பொய்க் கணினிகளை எடுத்துவிட்டு, நல்ல மேசைக் கணினி ஒன்றில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் ‘அறை’ அமைத்தேன். அடித்தளம் எல்லா அறைக்கும் ஒன்றுதான். சுவர்கள் மட்டும் வேறு. திறந்தால் நொடியில் திறக்கும். கட்டளை தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி திரையில் திறக்கும் ஒரு சின்ன ஜன்னலுக்கு நிரல் எழுதினேன். வாடிக்கையாளர் பெயர்கள் வரிசையாக, எதிரே தமிழில் பொத்தான்கள். அதில் காட்டும் பெயர், செய்தி எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கோப்பில் வைத்தேன். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து திருத்தலாம். எதற்கும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஒவ்வொரு அறைக்கும் தனி அலமாரி கொடுத்திருந்தேன். அலமாரி என்று நான் சொல்வது நம் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டரை. இந்த வகை அறைகளில் அதைத் தனியாக வைத்தால்தான் தனி. சும்மா விட்டால் எல்லா அறைக்கும் மெசினின் அலமாரியே பொது ஆகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதியைப் புரிந்துகொள்ளலாம்.

இனி ராஜாமணி சார். அவர்தான் முதலாளி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை. நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். சொல்ல வேண்டியதைத் திரையில் விரல் வைத்துக் காட்டிச் சொல்லிவிட்டு, விரல்பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போவார். எதையும் எழுத்தில் தர மாட்டார். மெயில் அனுப்பினால் “பேசிக்குவோம்” என்று ஒரு சொல்லில் பதில் வரும். அவர் வாயில் அதிகம் வரும் சொல் ‘சிம்பிள்’. வாடிக்கையாளரிடம், “எங்க ஆளுக எதையும் சிம்பிளாக்கிருவாக” என்பார். அதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அறைகள் வந்து சில மாதங்களில் அவர் என் பின்னால் வந்து நின்றார்.

“ஏம்மா செல்வி, இந்த ரூம்ல இருக்க ஃபைலை அந்த ரூமுக்குக் கொண்டுபோக ரெண்டு தடவ காப்பி பண்ணணுமாமே. பசங்க சடைக்கிறாங்க.”

“ஒவ்வொண்ணும் தனியா இருக்குது சார். அதனாலதான்.”

“ஒண்ணா வச்சிருங்க. எங்க திறந்தாலும் எல்லாம் தெரியணும். பேக்கப் டிஸ்க்கும் அதுலயே தெரியட்டும். தேடிக்கிட்டு கெடக்கக் கூடாது.”

“ஒரு ரூம்ல அழிச்சா எல்லா ரூம்லயும் போயிரும் சார்.”

“அழிக்கிறதுக்கா வேலைக்கு வச்சிருக்கோம்? சிம்பிளா வைங்கம்மா.”

திரையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். என் காரணங்களை மெயிலில் எழுதினேன். பேசிக்குவோம் என்று வந்தது. பேசவில்லை. மறுநாள், “மாத்தியாச்சா?” என்று மட்டும் கேட்டார். மாற்றினேன். மாற்றும்போது ஒன்று செய்தேன். எந்த அறையைத் திறந்தாலும் மேலே சிவப்பில் ஒரு வரி வரும்படி வைத்தேன்: ‘இந்த அறையின் கோப்புகள் எல்லா அறைகளுக்கும் பொது. இங்கு அழித்தால் எங்கும் அழியும்.’

ஈஸ்வரனுக்கு ஊர் நாய்களுக்குப் பேர்போன கோம்பை. இதை விளக்கியபோது அவன் சொன்னான்: “எங்க கோம்பை நாயி கூட தன் வீடு எது, அடுத்த வீடு எதுன்னு மோந்து பாத்துத்தான்க்கா காலத் தூக்கும். இதுக்கு அந்த வெவரம்கூட இல்லாமப் பண்ணிட்டாரே.”

அந்தச் சிவப்பு வரி அதிக நாள் இருக்கவில்லை. பள்ளிக்கூடத் தாளாளர் ஒருவருக்கு சார் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது அவர் அதைப் படித்துவிட்டு, “அப்ப எங்க பிள்ளைக மார்க்கு மத்தவகளுக்கும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. சார் அதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவர் போனதும் என்னிடம், “வர்றவங்களைப் பயமுறுத்தாதீங்கம்மா. எடுத்துருங்க” என்றார். தாளாளர் படித்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். நான் வரியை எடுத்தேன்.

சபீனா எனக்கு அடுத்த இருக்கை. உத்தமபாளையத்திலிருந்து வருவாள். வேகமான கை, வேகமான வாய். ஈஸ்வரன் நாய்ப் பெருமையை ஆரம்பித்தால், “ஏலே, அந்த நாய்க்கே பெருமை தெரியாது, ஒனக்கு என்ன?” என்று அடக்கிவிடுவாள். மலையாளமும் பேசுவாள். அந்த வருடம் கொச்சியில் ஒரு பெரிய நிறுவனத்தில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும், பழைய அலுவலகத்தில் விசாரிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அசல்கள் சாரின் பீரோவில். “ஆயுத பூஜைக்கு மறுநாளு கேட்டுரணும்க்கா. அன்னிக்கித்தான் மனுசன் இனிப்பு குடுத்துட்டுச் சிரிச்ச மொகமா இருப்பாக” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த மாதிரி வேலை ஒருமுறை தப்பினால் மறுமுறை வராது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் அலுவலகத்தில் சுத்தம் செய்யும் நாள். மேசை, விசைப்பலகை, ஒட்டடை மட்டுமல்ல. மெசினுக்குள்ளும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது சாரின் வழக்கம். “குப்பையை உள்ள வச்சுக்கிட்டு மேல சந்தனம் வைக்கக் கூடாது” என்பார். விட்டுப்போன வாடிக்கையாளர்களின் சூழல்களைத் திறந்து, உள்ளிருப்பதையெல்லாம் காலி செய்து, வெறுமையாக்கி வைப்போம். அதற்குப் பிறகுதான் பொட்டு. பொய்க் கணினிகள் இருந்த காலத்திலிருந்து அந்த வேலையைச் சபீனாதான் செய்வாள். பூ, பொரி வாங்க மற்றவர்கள் போகும்போது அவள் உட்கார்ந்து உள்ளே கூட்டிப் பெருக்குவாள். அந்தத் தடவையும் சார் அவள் பின்னால் நின்று, “அரிசி மில்லுக்காரக போயிட்டாகல்ல, அதைக் காலி பண்ணிரும்மா” என்று விரல் வைத்துக் காட்டினார்.

நான் என் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலில் அரிசி ஆலை என்ற பெயருக்கு எதிரே திறந்தாள். எத்தனையோ வருடம் செய்தது போலவே உள்ளே அலமாரியில் இருந்தது அனைத்தையும் அழிக்கக் கட்டளை கொடுத்தாள். அறையையே நீக்கும் பொத்தானை அழுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் கை, பழைய முறையில் பழகிய கை. உள்ளே போய்த்தான் கூட்டும்.

“என்னக்கா, அரிசி மில்லுல இம்புட்டு இருந்துச்சா? இன்னும் போய்க்கிட்டே இருக்கு” என்றாள்.

அந்தக் கேள்வி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய் அவள் கையை விலக்கிவிட்டுக் கட்டளையை நிறுத்தினேன். எதிர்ப் பக்கமிருந்து ஈஸ்வரன், “அக்கா, என் ஃபோல்டர் எல்லாம் காலியா இருக்கு” என்றான்.

எல்லா வாடிக்கையாளர்களின் கோப்புகளும் அழிந்திருந்தன. எல்லா அறையிலும் தெரியட்டும் என்று அதே அலமாரிக்குள் வைத்த, நகல்கள் இருந்த பேக்கப் டிஸ்க்கும் அதோடு காலியாகியிருந்தது. பாதிப் பேருடையதை அவரவர் கடையிலிருந்து திரும்ப எடுக்க முடிந்தது. மருத்துவமனையினுடையதை முடியவில்லை. அவர்களுடைய பழைய மெசினில் இருந்த நோயாளிகளின் பரிசோதனை விவரங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தருவதாக வாங்கியிருந்தோம். வேலை முடியும் முன்பே, “பழைய மெசினை எங்களுக்கே குடுத்துருங்க, புதுசுல கழிச்சுக்குவோம்” என்று சார் அதை வாங்கி, துடைத்து, வேறு ஒருவருக்கு விற்றிருந்தார். பூஜை விடுமுறை முழுக்க நான் மீட்கும் மென்பொருளை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயரில்லாத துண்டுகளாகக் கொஞ்சம் கிடைத்தது. எந்தச் சர்க்கரை அளவு யாருடையது என்று சொல்ல வழியில்லை.

சாரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். “ஒண்ணா வைக்கச் சொன்னது நீங்கதான் சார். வரியை எடுக்கச் சொன்னதும் நீங்கதான்.”

அவர் மறுக்கவில்லை. “ஆமா, நான்தான். இல்லைன்னா சொல்றேன்? அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? கம்பெனி நின்னாத்தான் எல்லாருக்கும் சோறு. அந்தப் புள்ள சின்ன வயசு, எங்கயும் பொழச்சுக்கும்.” தண்ணீர் குடித்தார். “நாளைக்கு ஆஸ்பத்திரி மேனேஜர் வர்றாரு. நீங்க ஒண்ணும் பேச வேணாம்.”

மேனேஜர் வந்தார். களைத்த மனிதர், கோபக்காரர் இல்லை. எங்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டு சார் பெரிய திரையில் என் ஜன்னலைத் திறந்தார். “பாருங்க சார், எவ்வளவு பாதுகாப்பா வச்சிருக்கோம்னு” என்று ஓர் அறையைத் திறந்தார். மேலே சிவப்பில் ஒரு வரி வந்தது: ‘எச்சரிக்கை. இங்கு அழித்தால் எல்லாம் அழியும். அழிப்பவரே பொறுப்பு.’

என் வரி இல்லை அது. நான் பொறுப்பு என்ற சொல்லையே எழுதவில்லை. யாரும் திறந்து திருத்தட்டும் என்று நான் வைத்த கோப்பை அவரே திறந்து, அவரே எழுதியிருந்தார். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

சபீனா அந்த வரியைப் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் மேனேஜரிடம் சொன்னேன்: “சார், இந்த வரி அன்னிக்கு இல்ல. கோப்பை எப்ப மாத்தினாகன்னு மெசின்லயே இருக்கு. இப்பவே காட்டுறேன்.”

“ரெண்டு மூணு நாளாத் தூக்கமில்ல அவங்களுக்கு” என்றார் சார், மேனேஜரிடம், பரிவாக.

மேனேஜர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். “அம்மா, வரி எப்ப வந்துச்சுங்கிறது ஒங்க கம்பெனி வெவகாரம். எங்க டாக்டருக்கு நான் ஒரு பேரைக் கொண்டுபோகணும். யாரு அழிச்சது?”

“நான்தான் அழிச்சேன்” என்றாள் சபீனா. பொய் இல்லை அது. அந்த அறையில் அதைத் தவிர வேறு எந்த உண்மைக்கும் கேட்பவர் இல்லை.

அன்று மாலை சார் அவளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். எச்சரிக்கையைப் பார்த்தும் கவனக்குறைவாக அழித்துவிட்டேன் என்று எழுதித் தந்தால் அசல்களை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். மாடிப்படியில் அவளை நிறுத்தி, எழுதாதே, வக்கீலைப் பார்ப்போம், சான்றிதழைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்றேன்.

“வக்கீலு, கேசுன்னு போனா எப்பக்கா முடியும்?” என்றாள். “கொச்சியில சேரச் சொன்ன தேதி அது வரைக்கும் நிக்குமா? அந்தத் தாளு இந்த பீரோவுலதான கெடக்கப் போகுது. கெடக்கட்டும். எனக்கு என் சர்டிபிகேட்டு வேணும்.”

எழுதிக் கொடுத்தாள். சார் சான்றிதழ் உறையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்து, “நல்லா வாம்மா” என்றார்.

அவள் படியிறங்கிய பிறகு நான் உள்ளே போய் என் ராஜினாமாவைக் கொடுத்தேன். இனிமேல் இந்த இடத்தில் ஒரு நாளும் உட்கார முடியாது என்று சொன்னேன். சார் பீரோவைத் திறந்து என் அசல்களையும் எடுத்துக் கொடுத்தார். என்னிடம் எதையும் எழுதி வாங்கவில்லை. நான் போனாலும் அறைகள் ஓடும், ஜன்னல் திறக்கும், யாரும் கற்றுக்கொள்ளலாம். அப்படித்தான் செய்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மாதங்கள் கழித்து, உத்தமபாளையத்தில் ஒரு திருமணத்துக்குப் போனபோது சபீனாவைத் தேடினேன். கொச்சியில் இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இணையச் சேவைக் கடையில், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வரிசை நின்றது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“கொச்சி என்னாச்சு?”

“வரலைக்கா.” விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டே இருந்தன. “நீங்க எப்படி இருக்கீக? அங்கனதான?”

“இல்ல. நீ போன அன்னிக்கே நானும் விட்டுட்டேன். ஒனக்கு அப்படிப் பண்ணதுக்கு அப்புறம் அங்கன எப்படி இருக்கிறது?”

அவள் கை நின்றது.

“எனக்காகவா விட்டீக?”

“ஆமா.”

“நான் கேட்டேனாக்கா?” குரலில் கோபம் இல்லை. விண்ணப்பத்தில் விடுபட்டதை விசாரிப்பது போலக் கேட்டாள். “கொச்சிக்காரக ஆபீஸ் லேண்ட்லைன் நம்பர்தான் வேணும்னாக. செல் நம்பர் குடுத்தா யாரை வேணாலும் பேச வச்சிரலாமாம், ஒத்துக்க மாட்டோம்னாக. சரின்னு ஆபீஸ் நம்பரைக் குடுத்து ஒங்க பேரைப் போட்டேன். செல்வி, சீனியர், அவக பேசுவாகன்னு. போனு வந்திருக்கு. செல்வி வேலையை விட்டுட்டாங்கன்னு சொல்லிட்டு சாரே பேசியிருக்காக. இந்தப் பொண்ணைப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்ல விரும்பலைன்னாராம். அதுக்கு மேல கொச்சிக்காரக ஏன் என்னைக் கூப்பிடுறாக?”

அவள் முகவரிக் கட்டத்தில் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“நீங்க இன்னும் ஒரு வாரம் அங்கன இருந்திருந்தாப் போதும்க்கா” என்றாள். பிறகு என் தோளுக்கு மேலே வெளியே பார்த்தாள். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அடுத்த ஆளு நிக்கிறாக.”